சொல்லிவிட்டுப் பார்ப்பவர்

“நெனச்சியா, சொன்னியா?”

டீக்கடையில் யாராவது, “எலெக்‌ஷன்ல அவன் தோப்பான்னு நான் அப்பவே நெனச்சேன்” என்று ஆரம்பித்தால், பெஞ்சின் மறுகோடியிலிருந்து இந்தக் கேள்வி வரும். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு. கேள்வி கேட்டவர் விடமாட்டார். “நெனப்புக்கு சாட்சி கெடயாது தம்பி. மொதல்ல சொல்லணும், அப்புறம் பாக்கணும். பாத்துட்டு சொல்றவன் எவனும் இதுவரைக்கும் தப்பா சொன்னதில்ல.”

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில் மூடியபோது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தார். நான் அவருக்குப் பத்து வயது இளையவன். அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டாலும் அவர் செய்தது சரியா தப்பா என்று தெருவில் நடக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை. நான் ஒரு கட்சியில் சேர்ந்து எழுதியதாக ஆகிவிடக் கூடாது.

நடந்தவற்றை வருடவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அவர் விஷயத்தில் அது உதவவில்லை. எந்த வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் அவர் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்: முதலில் சொல்கிறார், பிறகு பார்க்கிறார்.

அவர் வீட்டு இரும்புக் கேட்டுக்குக் கரும்பச்சை பெயின்ட். காலையில் பல் தேய்த்து முடித்ததும் சாக்பீஸால் அதில் அன்றைக்கு ஒன்றை எழுதுவார். ‘இன்று மழை இல்லை.’ ‘கரண்ட் போனால் மதியம்தான் வரும்.’ ‘எதிர்வீட்டுத் தம்பி இன்றும் பஸ்ஸை விடுவார்.’ இந்தக் கடைசி வாசகம் என்னைப் பற்றியது. நான் பஸ்ஸைப் பிடித்துவிட்ட நாட்களில் சாயங்காலம் வந்து, கேட்டின் முன்னால் நின்று கனைப்பேன். அவர் வெளியே வந்து, “ஆமா, தப்பு” என்பார். அவ்வளவுதான். காரணம் சொல்லமாட்டார், அன்றைக்கு பஸ் தாமதமாக வந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

ஒரு ஐப்பசியில் ‘இன்று மழை இல்லை’ என்று எழுதிய அரைமணி நேரத்தில் கொட்டத் தொடங்கியது. எழுத்து கரைந்து வழிந்தது. அவர் குடையோடு வெளியே வந்தார். கேட்டைத் துண்டால் துடைத்தார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அதே வாசகத்தை மறுபடி எழுதினார்.

அண்ணி வாசலிலிருந்து, “மழையில நின்னுகிட்டு மழை இல்லன்னு எழுதற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். தெருவே சிரிக்குது” என்றார்.

“சிரிக்கணும். சரியா வந்த அன்னைக்கு நான் மீசைய முறுக்கறேன் இல்ல? இன்னைக்கு அவங்க மொற.”

பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருவரிடம் அவர் தோற்றதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் பையுடன் கூட இருந்தேன். வஞ்சிரம் வாங்கப் போயிருந்தோம். மீனைத் தொடுவதற்கு முன்பே அவர், “இது நேத்து மீன்னு சொல்றேன்” என்றார்.

“செவுளத் தொறந்து பாருய்யா, அப்புறம் பேசு.”

“தொறந்து பாத்துட்டு யாரு வேணா பேசலாம். நான் இப்பவே சொல்லிட்டேன். செவப்பா இருந்தா நீ சொல்ற வெலைக்கு எடுத்துக்கறேன்.”

அந்த அம்மா செவுளை விரித்துக் காட்டினார். உள்ளே செம்பருத்தி மாதிரி இருந்தது. அந்த அம்மா கேட்ட விலையை அவர் அப்படியே கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மா தூரத்திலேயே அவரைப் பார்த்துவிடுவார். “வாணே, இன்னைக்கு என்னா சொல்லப்போற? மொதல்ல சொல்லிட்டு உக்காரு.” சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் சொல்லுவார். பாதிக்குப் பாதி தோற்பார் என்பது என் கணக்கு. அண்ணியோ பாதிக்கு மேலே என்பார்.

இப்படிப்பட்டவரிடம் தோற்காத ஒன்று இருந்தது. அது தேங்காய்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஆள் அழைத்துவருவது வழக்கம். சிலர் வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பார்கள். அவர் தேங்காய் வைத்துப் பார்ப்பார். குடுமி மட்டும் விட்டு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, வெறுங்காலோடு மனையைச் சுற்றி மெதுவாக நடப்பார். ஓர் இடத்தில் தேங்காய் தானாக அசைந்து, குடுமி மேலே வர எழுந்து நிற்கும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிட்டே நின்று பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த இடத்தில் அடையாளம் வைப்பார்கள். போர் வண்டி வரும். தண்ணீர் வரும். தெற்கே தேங்காய்த்திட்டு வரையிலும், மேற்கே மூலக்குளம் வரையிலும் அவர் பார்த்துக் கொடுத்த வீடுகள் இருந்தன. ஓரிடத்தில்கூடத் தண்ணீர் வராமல் போனதில்லை.

சிறுவயதில் அவருக்கு அம்மை போட்டு, கண் திறக்க முடியாமல் கிடந்தாராம். அவருடைய அம்மா தெருக்கோடி அம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டு வேண்டிக்கொண்டார். பிழைத்து எழுந்த பிறகு முதல்முறை கோயிலுக்குத் தேங்காய் எடுத்துப் போனபோது, அது கையில் எழுந்து நின்றதாம். “இது நான் கத்துக்கிட்டது இல்ல. அவ குடுத்தது” என்பார். அதற்காக யாரிடமும் கூலி வாங்கியதில்லை. ஆனால் மரியாதை வாங்கிக்கொண்டார். வெற்றிலைத் தட்டு வைத்து அழைப்பார்கள். புதுத் துண்டு போர்த்துவார்கள். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் செம்பு அவருக்கு. மில் மூடிய பிறகு, வயதில் சின்னவர்கள் ஏவ, சேதராப்பட்டில் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சமிருந்தது அந்தத் தேங்காய் ஒன்றுதான். இதை அவரும் அறிந்திருந்தார், நாங்களும் அறிந்திருந்தோம்.

அந்த வருடம் மாசி மகத்துக்கு வழக்கம்போல எங்கள் அம்மனை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எடுத்துப் போனோம். கடலாடிவிட்டுத் திரும்பிய அம்மனை நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். கோயில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்டவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றுப் பென்ஷன் வாங்கும் பெரியவர். தெருவில் அவருக்குச் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய், என்றே பெயர். லாரித் தண்ணீர் அவருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு காலையிலேயே எதிர்வீட்டுக்கு வந்துவிட்டார். எதைப் பேசினாலும் ‘அப்போ’ என்பதைப் பிரெஞ்சில் சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

“அலோர், கோயிலுக்கு ஒரு போர் போட்டுடலாம்பா. நீ வந்து எடத்தக் காட்டு.”

கோயிலுக்குப் பின்னால் காலிமனை ஒன்று உண்டு. அங்கே போய் நடந்து பார்த்தார். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் தேங்காய் எழுந்து நின்றது. சொல்தா அந்த இடத்தில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசினார்.

அன்று சாயங்காலம் நான் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் காலையில் நடந்ததை விவரித்துவிட்டு, “எத்தினி வீடு பாத்திருப்பேன். ஒண்ணாவது பொய்யாயிருக்கா?” என்றார்.

அண்ணி கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “நிக்காத எடத்துல ஒரு தடவையாவது தோண்டிப் பாத்திருக்கீங்களா?”

“நிக்காத எடத்துல எவன் தோண்டுவான்?”

“அதத்தான் கேக்கறேன். இந்தப் பக்கம் எங்க தோண்டினாலும் தண்ணி வருது. எங்கண்ணன் வீட்டுல ஆளக் கூப்புடாம, பாத்ரூம் பக்கத்துல எடம் இருக்குன்னு போட்டாங்க. அங்கயும்தான் வந்துச்சு.”

அவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். அண்ணியும் சட்டென்று கையை நிறுத்திவிட்டார். “சும்மா வாய்க்கு வந்தத கேட்டேன். விடுங்க” என்றார்.

“சும்மா கேட்ட மாரி இல்லயே” என்று எழுந்து உள்ளே போனார்.

அந்த வாரம் கேட்டில் எழுத்தில்லை. நான் பஸ்ஸைப் பிடித்தேனா விட்டேனா என்று கேட்க ஆளில்லை. வியாழக்கிழமை என்று நினைக்கிறேன், வேலையிலிருந்து வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தம்பி, தேங்கா நிக்கற எடத்த கண்ணால பாத்து முடிவு பண்றதில்லன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன் இல்ல?”

“ஆமாண்ணே.”

“அப்போ கண்ணக் கட்டிக்கிட்டு நடந்தாலும் அங்கதான நிக்கணும்?”

அவர் என்னிடம் பதில் எதிர்பார்த்து வரவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்: “இதெல்லாம் எதுக்குண்ணே? நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு.”

“அதுதான் எனக்கு பயமா இருக்கு. மீனுல தோக்கறேன். மழையில தோக்கறேன். இதுல மட்டும் தோக்கறதுக்கு வழியே இல்லாம இருக்கு. தோக்க வழியே இல்லன்னா, அது என்னா சொல்லிட்டுப் பாக்கறது?”

மறு ஞாயிறு காலை கோயில் மனையில் பாதித் தெரு கூடிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு சத்தமாகச் சொன்னார்:

“இப்பவே சொல்லிடறேன். கண்ணக் கட்டிக்கிட்டு ரெண்டு தடவ நடக்கப்போறேன். ரெண்டு தடவையும் அந்தச் செங்கல்லுகிட்ட நின்னா, இது அவ குடுத்தது. கொஞ்சம் இப்பிடி அப்பிடி இருந்தாலும் ஒத்துக்கறேன். வேற எங்கயாவது நின்னா, இது என் கை பண்ற வேல. அப்புறம் தொடமாட்டேன்.”

சொல்தா, “என்னாத்துக்குப்பா இந்த வீம்பு?” என்றார். அவர் கேட்கவில்லை.

அண்ணிதான் கண்ணைக் கட்டினார். இடம் புரியாமல் போவதற்காகத் தோளைப் பிடித்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டார். கோலமாவுக் கிண்ணம் ஒன்றும் காவிப்பொடிக் கிண்ணம் ஒன்றும் என் கையில் இருந்தன. தேங்காய் நிற்கும் இடத்தில் முதல் தடவை வெள்ளையும் இரண்டாம் தடவை காவியும் போட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

நடந்தார். கால் விரல்களால் தரையைத் தடவித் தடவி நடந்தார். வேப்பமரத்தின் நிழல் அவர் மேல் விழுந்தது. நேராகச் செங்கல்லை நோக்கியே போனார். தேங்காய் அங்கே நின்றுவிட வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதை மறைப்பதற்கில்லை. செங்கல்லைத் தாண்டினார். தேங்காய் உள்ளங்கையில் தூங்குகிற பிள்ளை மாதிரி படுத்தே கிடந்தது. மதில்சுவர் ஓரமாக, சாக்கடைக்குப் பக்கத்தில் போனபோது அசைந்து எழுந்து நின்றது. நான் வெள்ளையைப் போட்டேன்.

இரண்டாவது தடவை கோயிலின் பின்படி அருகே நின்றது. காவியைப் போட்டேன்.

கட்டை அவிழ்த்தார். வெளிச்சத்துக்குக் கண் கூசி, சிறிது நேரம் இமைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளையைப் பார்த்தார். காவியைப் பார்த்தார். நடுவில் தனியாக நின்ற மஞ்சள் செங்கல்லைப் பார்த்தார்.

அப்போது சொல்தா முன்னால் வந்து அவர் தோளில் கை வைத்தார். நல்ல மனத்தோடுதான் பேசினார்; அதை நான் இன்றைக்கும் சொல்வேன். “மனச விடாதப்பா. கண்ணக் கட்டினது அவளுக்குப் புடிக்கல. அவளப்போயி சோதிக்கலாமா? அதான் மாத்திக் காட்டிட்டா. கட்ட அவுத்துட்டு நட, அங்கதான் நிக்கும்.”

கூட்டத்தில் பலர், “ஆமா, ஆமா” என்றார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். துண்டும் வெற்றிலைத் தட்டும் முதல் செம்புக் கூழும் அவரிடமே இருந்திருக்கும்.

“ஐயா, நின்னிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?”

“அவ சக்தின்னு சொல்லியிருப்பேன்.”

“நிக்காததுக்கும் அவ சக்திங்கறீங்க. அப்போ நான் எதுக்குக் கண்ணக் கட்டினேன்?”

சொல்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அவ இல்லன்னு சொல்றியா?”

“அதச் சொல்லல. அவ இருக்கா. வெள்ளிக்கெழம வருவேன், வெளக்கு ஏத்துவேன். இந்தத் தேங்காய மட்டும் அவ மேல போடமாட்டேன்.”

அறிவியலும் நம்பிக்கையும் எங்கே பிரிகின்றன என்பதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலான எழுத்துகள் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு பேச்சுக்குத் தோற்க இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இடமிருந்தால் அதைக் கேட்டில் எழுதலாம். இல்லாவிட்டால் அது வேறு வகைப் பேச்சு; அதைக் கும்பிடலாம், அதைப் பிடித்துக்கொண்டு அழலாம், ஆனால் அதை வைத்து இன்னொருவரின் மனையில் செங்கல்லை நட்டுவிடக் கூடாது.

போர் பங்குனியில் போட்டார்கள். எங்கே போடுவது என்று கேட்டதற்கு, “கரண்ட் மீட்டருக்கு எது கிட்டயோ அங்க போடுங்க” என்றார். அன்று காலை கேட்டில் மறுபடி எழுத்து தெரிந்தது: ‘தண்ணீர் வரும். நல்லதா உப்பா, எனக்குத் தெரியாது.’ இரண்டாவது வாக்கியத்தை அந்தக் கேட்டில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வந்தது. உப்பு.

கடலில் குளித்துவிட்டு வரும் அம்மனை மறுபடியும் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவதா என்று தெரு கொதித்தது. அம்மனைச் சோதித்ததால் வந்த வினை என்று சொல்தா சொன்னார். அடுத்த ஆடியில் அண்ணன் செம்போடு வரிசையில் நின்றுதான் கூழ் வாங்கினார். ஊற்றியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணி வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூழை அப்படியே வைத்துவிட்டு அழுதார். “நான் அன்னைக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்.”

“நீ கேக்கலன்னா நானே கேட்டிருக்கணும். இத்தினி வருஷம் கேக்காதது என் தப்பு” என்று சொல்லிவிட்டுக் கூழைக் குடித்தார். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். அண்ணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், தான் இடம் பார்த்த வீடுகளுக்கும் பார்க்காத வீடுகளுக்கும் போய், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்தார். என்னிடம் வந்து, “தம்பி, கெழக்க போகப் போக உப்பு. மேக்க போனா தேவல. நான் பாத்த வீடுன்னு தண்ணிக்குத் தெரியல” என்றார். சொல்லும்போது குரலில் வருத்தம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்படியே ஒன்றிரண்டு வருடங்கள் போயின. நீரோட்டம் பார்க்கக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். சேதராப்பட்டுக்கு அடுத்தாற்போல் சொந்த நிலம் கொஞ்சம் வைத்திருந்தார். பழைய கிணறு வற்றி, போட்ட இரண்டு போரும் புழுதியைக் கக்கிவிட்டு நின்றுவிட்டன. மூன்றாவது போட ஏற்பாடு செய்துவிட்டார். அதுவும் போனால் நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

“எல்லாம் கேள்விப்பட்டேண்ணே. கண்ணக் கட்டினது, உப்புத் தண்ணி வந்தது, எல்லாம். எனக்கு அது வேணாம். நீங்க வந்து ஒரு எடத்துல நில்லுங்க. அங்க போடறேன்.”

“நின்னா என் காலுதான்டா நிக்கும்.”

“மனசுக்கு ஒரு தைரியம்ணே.”

“பொய்த் தைரியம்.”

“பொய்யா இருந்தா என்னாண்ணே, அதுகூட இல்லாமத்தான இருக்கேன்.”

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறி ஆடை படிந்தது. கடைசியில் அவர், “பக்கத்து நெலத்துல தண்ணி இருக்கா?” என்று கேட்டார்.

“வடக்குப் பக்கத்துக்காரருக்கு வருது.”

“அவரு போருக்கு எவ்ளோ கிட்ட போட முடியுமோ அவ்ளோ கிட்ட போடு. அவருகிட்ட கேட்டுட்டுப் போடு. அப்பவும் வரும்னு நான் சொல்லமாட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “காலையில வரேன். எடம் சொல்ல இல்ல. கூட நிக்க” என்றார்.

நானும் போனேன். போர் வண்டி நின்றிருந்தது. கற்பூரம், பூசணிக்காய், எலுமிச்சை எல்லாம் வைத்திருந்தார்கள். நிலத்துக்காரர் பழக்கதோஷத்தில் குடுமித் தேங்காய் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். வண்டிக்காரப் பையன்கள், நிலத்துக்காரரின் மனைவி, வடக்குப் பக்கத்துக்காரர் எல்லோரும் விலகி, அவர் நடக்க வழிவிட்டார்கள். அவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு நீண்டதாகத் தோன்றியது. பிறகு குனிந்து, கற்பூரத்தின் முன்னால் கல்லில் அடித்து இரண்டாக உடைத்து வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

வண்டி இரைய ஆரம்பித்தது. வெள்ளைப் புழுதி எழுந்து எங்கள் தலையில் படிந்தது. அவர் நிலத்துக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் அவர் காதருகே போய்க் கேட்டேன்.

“என்னா வேண்டிக்கிட்டீங்க?”

“தண்ணி வரணும்னு.”

“வரும்னு சொல்றீங்களா?”

“சொல்லல தம்பி. கேட்டேன்.”

மதியம் சாப்பாடு வந்தது. யாரும் சாப்பிடவில்லை. வெயில் சாயும்போது புழுதியின் நிறம் மாறியது. முதலில் ஈரமண், பிறகு சேறு, பிறகு சேறும் தண்ணீருமாகப் பீறிட்டது. நிலத்துக்காரரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நிலத்துக்காரர் ஓடிவந்து அண்ணனுடைய வலது கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தக் கைண்ணே. இந்தக் கைதான்.”

வண்டிக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். “அடுத்த போர் எறையூர்ல போடறோம், அங்கயும் வாங்க சார்” என்றார் ஒருவர். எவரோ ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். புதுத் துண்டு.

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். துண்டை எடுத்து மடித்து, வடக்குப் பக்கத்துக்காரரின் தோளில் போட்டார். “இவருதான் தன் போருகிட்ட போட விட்டாரு. இவருகிட்டச் சொல்லு” என்றார். பிறகு சேற்றுத் தண்ணீரில் கையை விட்டு அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெகுநேரம் அடக்கிவைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, கேட்டீங்க, வந்துடுச்சு. அவ குடுத்தான்னு சொல்லலாமா, கூடாதா?”

“எனக்கு அப்பிடித்தான் இருக்கு. நெஞ்சு நெறைஞ்சு கெடக்கு.”

“அப்போ சொல்லலாம்ல?”

“வராமப் போயிருந்தா என்னா பண்ணியிருப்பேன்? வெள்ளிக்கெழம குளிச்சிட்டு அவகிட்டதான் போயிருப்பேன். வந்தாலும் போவேன், வரலன்னாலும் போவேன். அப்புறம் இத வச்சு நான் யாருகிட்ட என்னாத்த சொல்றது?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை, விரல்களுக்கு நடுவில் காய்ந்துபோயிருந்த சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே வந்தார்.